கூடுதல் குதிரைத்திறன் எங்கிருந்து வருகிறது?

இன்றைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் எஞ்சின் 349 சிசி. கேடிஎம் 390 டியூக்கின் முந்தைய எஞ்சின் 373 சிசி. இரண்டும் ஒற்றை சிலிண்டர், இரண்டும் ஃபோர் ஸ்ட்ரோக். கொள்ளளவில் வித்தியாசம் 7 சதவீதம்தான். ஆனால் புல்லட் தருவது 20.2 குதிரைத்திறன், டியூக் தருவது ஏறத்தாழ 43. "என் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்கண்ணே" என்று பட்டறை வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். கூடுதலாக வரும் அந்த 23 குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால், நம் வண்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் புரிந்துவிடும்.

எஞ்சினின் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. புல்லட் 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. இது அதன் உச்சம். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் கிடைப்பது சுமார் 15 குதிரைத்திறன்தான். 6100 ஆர்பிஎம்முக்குப் போகும்போது முறுக்குவிசை சுமார் 23.6-ஆகக் குறைந்துவிடுகிறது. ஆனாலும் சுற்று கூடியதால் திறன் 20.2-ஐத் தொடுகிறது. டியூக் 9000 ஆர்பிஎம்மில் சுமார் 34 நியூட்டன் மீட்டர் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு சுற்றுக்கான உந்தலில் டியூக் புல்லட்டைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு, சுற்றுகளின் எண்ணிக்கையில் ஏறக்குறைய 1.5 மடங்கு. இரண்டும் பெருகி இருமடங்கைத் தாண்டுகிறது. திறனைக் கூட்ட வழி இந்த இரண்டுதான்: ஒவ்வொரு சுற்றிலும் பலமாகத் தள்ளுவது, அல்லது நிமிடத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றுவது.

இரண்டுக்கும் தேவைப்படுவது காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அது சிரமமே இல்லை. அதை எரிக்கப் போதுமான காற்றை சிலிண்டருக்குள் கொண்டுபோவதுதான் சிரமம். புல்லட் 6100 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 3050 முறை மூச்சிழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போக வேண்டும். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் நேரமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் 5 பங்குகூட இல்லை. அதற்குள் காற்று ஃபில்டரைக் கடந்து, குழாயில் வளைந்து, வால்வின் ஓரத்து இடுக்கு வழியாக நுழைந்தாக வேண்டும். முழுதாக நிரம்ப நேரம் போதாது. வேகம் கூடக் கூட நிரம்பல் குறையும். உச்சத்தைத் தாண்டியபின் முறுக்குவிசை சரிவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

காற்றின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை ஊட்டிக்கு வண்டி ஓட்டிப் போனவர்கள் உடம்பாலேயே உணர்ந்திருப்பார்கள். சுமார் 2240 மீட்டர் உயரத்தில், அங்குள்ள குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், காற்றின் அடர்த்தி சென்னையின் வெயில் நாளைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினில் எந்தப் பழுதும் இல்லாமலேயே திறனும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாமல் வந்துகொண்டே இருக்கும். கலவை கெட்டியாகிப் புகை தள்ளும்.

சரி, சுற்றுகளைக் கூட்டினால் என்ன? 6100-ல் நிற்பதை 8000-க்குக் கொண்டுபோனால்? இங்கேதான் புல்லட்டின் உடம்பு வாகு குறுக்கே நிற்கிறது. அதன் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 85.8. டியூக்கிலோ விட்டம் 89, ஸ்ட்ரோக் வெறும் 60. இரண்டிலும் பிஸ்டன் சராசரியாக என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். புல்லட் 6100 ஆர்பிஎம்மில் நொடிக்கு 17.4 மீட்டர். டியூக் 9000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 18 மீட்டர். 70-க்கு 90 அளவுள்ள பழைய வார்ப்பிரும்பு புல்லட் 5625 ஆர்பிஎம்மில் 16.9 மீட்டர். வெவ்வேறு காலம், வெவ்வேறு நோக்கம். ஆனால் மூன்று எஞ்சின்களும் கிட்டத்தட்ட ஒரே பிஸ்டன் வேகத்தில்தான் வந்து நிற்கின்றன. எனக்கு இந்த மூன்று எண்களைவிட அழகான பாடம் எஞ்சின் இயலில் வேறில்லை. டியூக் வேகமாகச் சுற்றுகிறதே தவிர, அதன் பிஸ்டன் வேகமாக ஓடவில்லை. குட்டை ஸ்ட்ரோக் அந்தச் சலுகையைத் தருகிறது.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுத்துப் பிய்க்கப் பார்க்கும் விசை, சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பழைய புல்லட்டை 5600-லிருந்து 7000-க்கு முடுக்கினால் சுற்று 25 சதவீதம்தான் கூடுகிறது. ராடு தாங்க வேண்டிய விசை 56 சதவீதம் கூடுகிறது. வால்வு ஸ்பிரிங்கும் கேமைப் பின்தொடர முடியாமல் திணறும். வால்வு மூடத் தாமதமானால் பிஸ்டன் வந்து முட்டும். ஆகவே நீள ஸ்ட்ரோக் எஞ்சினில் வேகத்தைத் துரத்துவது வீண் செலவு. அதில் உந்தலைக் கூட்டத்தான் முயல வேண்டும்.

உந்தலைக் கூட்டப் பலர் முதலில் நினைப்பது போர் பண்ணிப் பெரிய பிஸ்டன் போடுவது. இதற்குத் தொழிற்சாலையே செய்து காட்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய புல்லட் 350-இன் ஸ்ட்ரோக்கை அப்படியே 90-ல் வைத்து, விட்டத்தை 70-லிருந்து 84-ஆக்கினால் 499 சிசி கிடைக்கும். அதுதான் புல்லட் 500. கொள்ளளவு கூடியது 44 சதவீதம். திறன் கூடியதோ 18 குதிரைத்திறனிலிருந்து 22-க்கு, அதாவது 22 சதவீதம்தான். சிலிண்டர் பெரிதான விகிதத்தில் மூச்சுக்குழல் பெரிதாகவில்லை. வாய்க்காலில் மேல்மதகை முழுக்கத் திறந்துவிட்டுக் கீழ்மதகைப் பாதியில் நிறுத்தினால் வயலுக்குப் பாதித் தண்ணீர்தான் போகும். எஞ்சினிலும் ஃபில்டர், கார்புரேட்டர், போர்ட், வால்வு, கேம், சைலன்சர் எல்லாம் வரிசையாக நிற்கும் மதகுகள். ஒன்றை விரித்தால் தடை அடுத்ததற்கு நகரும், அவ்வளவே.

இந்த வரிசையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது சைலன்சர். சத்தம் கூடினால் பவர் கூடிவிட்டது என்று காது நம்பிவிடுகிறது. உள்ளே நடப்பது வேறு. வெளியேற்று வால்வு திறக்கும்போது ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாயின் திறந்த முனையை அது அடைந்ததும், எதிர்மாறாக, ஓர் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. சூடான வாயுவில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். 70 சென்டிமீட்டர் குழாயில் அது போய்த் திரும்ப ஆயிரத்தில் 3 பங்கு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். 6000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் சுமார் 100 டிகிரி திரும்பிவிடும். உள்வால்வும் வெளிவால்வும் ஒரே சமயம் சற்றுத் திறந்திருக்கும் நொடிக்கூறில் அந்த உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றிப் புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். வேறு நேரத்தில் வந்தால் அதே குழாய் கெடுதல் செய்யும். குழாயின் நீளமும் விட்டமும்தான் பேச்சு. உள்ளே இருக்கும் தடுப்பை உடைத்து எறிவதால் சத்தம் நிச்சயமாகக் கூடும். திறன் கூடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பல வண்டிகளில் கீழ்ச்சுற்று இழுவை குறைந்தே போகிறது.

அலைகளின் வலிமையை உலகுக்குக் காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். ஷோபாவ் நகரின் எம்இசட் ஆலையில், பணமும் பொருளும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் வெளியேற்றுக் குழாயை அவர் ஒரு கருவியாகவே மாற்றினார். டூ ஸ்ட்ரோக்கில் வெளியேற்று வால்வு கிடையாது. புதுக் கலவை உள்ளே வரும்போதே ஒரு பகுதி வெளியேற்றுத் துளை வழியாகத் தப்பிவிடும். காடனின் குழாய் முதலில் அகன்று, பிறகு குறுகும். அகலும் பகுதி உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பிச் சிலிண்டரைக் காலி செய்கிறது. குறுகும் பகுதி அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடிய புதுக் கலவையைத் துளை மூடும் முன்பு மீண்டும் உள்ளே தள்ளுகிறது. 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் சுவீடன் பந்தயத்தின்போது எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. நம்மூரில் இன்றும் தேடித் தேடி வாங்கப்படும் யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசி-யில் 11 குதிரைத்திறன் தந்ததற்குப் பின்னால் நிற்பதும் இதே அலை அறிவுதான். சைலன்சரை மாற்றிவிட்டு "ஆர்எக்ஸ் இழுக்கவில்லை" என்று வருத்தப்படுகிறவர், அந்த எஞ்சினின் பாதி உயிரைத் தாமே கழற்றி வைத்துவிட்டார்.

உந்தலைக் கூட்ட இன்னொரு வழி, அழுத்த விகிதத்தைக் கூட்டுவது. கலவையை எவ்வளவு நெருக்கிப் பற்ற வைக்கிறோமோ அவ்வளவு அதிக வேலையை அதே பெட்ரோலிலிருந்து கறக்கலாம். ஆனால் பலன் எல்லா எஞ்சினுக்கும் ஒன்றுபோல் இல்லை. திருவொற்றியூரில் செய்த பழைய ஸ்டாண்டர்டு 350-இன் விகிதம் 5.5. அதை 6.5 ஆக்கினால் ஏட்டுக் கணக்கின்படி எஞ்சினின் பயனுறுதிறன் 49.4 சதவீதத்திலிருந்து 52.7-க்கு ஏறும், அதாவது அதே பெட்ரோலில் 6 அல்லது 7 சதவீதம் அதிக வேலை. இன்றைய புல்லட்டின் விகிதம் ஏற்கெனவே 9.5. அதை 10.5 ஆக்கினால் கிடைப்பது இரண்டரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பழைய புல்லட்டுக்கு நல்ல வைத்தியம்; புதிய வண்டிக்கு ஆபத்து அதிகம், ஆதாயம் குறைவு என்பதே என் தீர்ப்பு. பழையதிலும் ஹெட்டை மில்லிங் செய்தே இதைச் சாதிக்க நினைத்தால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவ வேண்டிவரும். அவ்வளவு சீவ முடியாது. மேடு உயர்ந்த பிஸ்டன் போடுவதே முறை.

ஆபத்து என்றது நாக்கிங்கை. பிளக்கிலிருந்து புறப்பட்ட தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் நெருக்கப்பட்டுக் கொதிக்கும் கலவை தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். உலோகத்தைத் தட்டுவதுபோன்ற அந்த ஒலி தொடர்ந்தால் பிஸ்டன் தலை குழிவிழும், ரிங் மேடு உடையும். ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் இதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதன் அளவு. நம் பங்க்குகளில் நெடுநாள் விற்ற சாதாரண பெட்ரோல் 91. 2020-இன் இறுதியில் 100 ஆக்டேன் பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. விலை உயர்ந்த அந்தப் பெட்ரோலில் ஆற்றல் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அதில் இருப்பது பொறுமை மட்டுமே. 5.5 விகித எஞ்சினில் அதை ஊற்றினால் பணம்தான் எரியும்.

இதுவரை சொன்னது எல்லாம் உதிரிபாகம். உண்மையான டியூனிங் இனிமேல்தான் தொடங்குகிறது: எத்தனை பங்கு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி.

பெட்ரோல் மிச்சமின்றி எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்சத் திறன் கிடைப்பதோ 12.5-க்கும் 13-க்கும் இடையில். சற்றே கூடுதல் பெட்ரோல் இருந்தால் வந்த காற்று முழுவதும் பயன்படும், எஞ்சினும் குளிரும். முழு முறுக்கில் கலவை மெலிந்தால் சூடு ஏறிப் பிஸ்டன் சீஸ் ஆகும். இதில் இப்போது புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 பங்கு காற்றே போதும். எத்தனால் இல்லாத காலத்தில் சரியாக ஜெட் வைத்த கார்புரேட்டர், இன்றைய பெட்ரோலில் தானாகவே சுமார் 8 சதவீதம் மெலிந்த கலவையைத் தருகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எஞ்சினில் எதையும் மாற்றாவிட்டாலும் ஜெட்டை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கார்புரேட்டரில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆட்சி எல்லை உண்டு. ஆக்சிலரேட்டரின் முதல் கால் திருப்பில் ஸ்லோ ஜெட், நடுவில் நீடில், கடைசிக் கால் பங்கில் மெயின் ஜெட். முழு முறுக்குக்கு மெயின் ஜெட்டை முதலில் நிலைப்படுத்தி, பிறகு நீடில், கடைசியாக ஸ்லோ ஜெட் என்று கீழிறங்கி வர வேண்டும். பலர் ஐடிலிங் ஸ்குரூவைத் திருகிவிட்டு டியூனிங் முடிந்தது என்கிறார்கள். அது முழு முறுக்கை எட்டவே எட்டாது. பிளக்கின் நிறம் பார்ப்பது நல்ல பழக்கம்தான் என்றாலும் இன்றைய பெட்ரோலில் அந்த நிறத்தை மட்டும் நம்ப முடியாது. சைலன்சர் குழாயில் பொருத்தி, கலவையை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. அந்த வண்டிகளில் உள்ள சாதாரண ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் மிச்சமின்றி எரியும் அந்த ஒரு புள்ளியைத்தான் துல்லியமாக அறியும். மெதுவாகப் போகும்போது இசியு, அதாவது அந்தக் கம்ப்யூட்டர், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. முழுதாக முறுக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணைப்படி பெட்ரோல் விடுகிறது. பெரும்பாலான பைக்குகளில் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் கருவியே இல்லை. ஆகவே நீங்கள் திறந்த ஃபில்டரும் புதுக் குழாயும் மாட்டி உள்ளே கொண்டுவந்த கூடுதல் காற்று, முழு முறுக்கில் இசியுவின் கணக்கில் ஏறுவதே இல்லை. மென்மையாக ஓட்டும்போது எல்லாம் சரியாகத் தெரியும். எஞ்சின் அதிகம் உழைக்கும் இடத்தில்தான் கலவை மெலியும். அட்டவணையைத் திருத்தாமல், அதாவது ரீமேப் செய்யாமல், பாகத்தை மட்டும் மாற்றுவது எஞ்சினுக்குச் செய்யும் தீங்கு.

பொறியின் நேரமும் அப்படித்தான். 6000 ஆர்பிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். தீ பரவ நேரம் பிடிப்பதால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 30 டிகிரி முன்பே பொறி விழ வேண்டும். அப்போதுதான் உச்சி தாண்டிச் சுமார் 15 டிகிரியில் அழுத்தம் உச்சமடைந்து பிஸ்டனை நன்றாகத் தள்ளும். அழுத்த விகிதத்தைக் கூட்டினால் தீ வேகமாகப் பரவும். டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ள வேண்டும். விகிதத்தையும் கூட்டி டைமிங்கையும் முன்தள்ளுகிறவர், நாக்கிங்கை இரண்டு கதவாலும் அழைக்கிறார். திறனை அளக்கும் டைனோவில் வைத்து, டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னே நகர்த்தி, திறன் ஏறுவது நின்ற இடத்திலிருந்து ஓரிரு டிகிரி பின்வாங்கி நிறுத்துவதே நல்ல டியூனரின் வழக்கம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், உடனே அளவு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் செய்து 10 சதவீதத் திறன் கூடினால் உச்ச வேகம் எவ்வளவு கூடும்? வெறும் 3 சதவீதம். வேகம் கூடும்போது காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் மும்மடி விகிதத்தில் ஏறுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் போன வண்டி 113 போகும். பிக்கப்பில் மட்டும் வித்தியாசத்தை நன்றாக உணரலாம். பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் அந்தப் பிக்கப்பில் ஒரு பகுதி சில நூறு ரூபாய்ச் செலவில் கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பு விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. போர் பெரிதாக்கிய எஞ்சினுக்கு உரிய இடம் பந்தயத் தடம். அதற்கு நம்மிடம் இருங்காட்டுக்கோட்டையும் கோவையின் காரி ஸ்பீட்வேயும் இருக்கின்றன. சோழவரம் விமானத்தளத்தில் தொடங்கிய பந்தய மரபு இன்றும் இந்தத் தடங்களில் உயிரோடு இருக்கிறது.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு என் வேண்டுகோள் இது. முதலில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பாருங்கள். தேய்ந்த ரிங், கசியும் வால்வு, அடைத்த ஃபில்டர், தவறிய வால்வு கிளியரன்ஸ் இவற்றைச் சரிசெய்தாலே பல வண்டிகளில் இழந்த திறன் திரும்பிவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதன் பிறகும் வேகம் போதவில்லை என்றால், பிஸ்டனுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் நல்ல டயரும் பிரேக் ஷூவும் வாங்குங்கள்.